உராய்வு காரணமாக

என் வண்டி குற்றவாளியாகி ஏழு நிமிஷம்கூட ஆகியிருக்காது. சட்டைப்பையில் போன் துடித்தது. எடுத்துப் பார்த்தால் அரசாங்கம். வண்டி எண், தேதி, மணி, இடம், குற்றம், தொகை 500 ரூபாய். கீழே ஒரு லிங்க். தொட்டால் படம் விரிகிறது. கல்யாண ஆல்பத்தில் மாப்பிள்ளை நிற்கிற மாதிரி, நல்ல வெளிச்சத்தில், சைடு ஸ்டாண்டில் ஒயிலாகச் சாய்ந்து நிற்கிறது என் டி.வி.எஸ். எக்ஸ்.எல். பின்னால் ஜெராக்ஸ் கடை. கடைக்குள் என் முதுகு பாதி. இத்தனை வருஷத்தில் நானே அந்த வண்டியை இவ்வளவு அழகாகப் படம் எடுத்ததில்லை.

ஊர் பெயரைச் சொல்ல மாட்டேன். விருதுநகர் மாவட்டத்தில் பஜார் உள்ள எந்த ஊராகவும் வைத்துக்கொள்ளுங்கள். அங்கே நான் போனது பக்கத்து வீட்டு அக்காவுக்குத் துணையாக. அவர் வீட்டுக்காரர் ஒரு பட்டாசு வெடியில் போனவர். எந்த வெடி என்று கேட்காதீர்கள். எங்கள் பக்கம் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல காலண்டர் வேண்டும். இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, ஆதார், ரேஷன் கார்டு, பாஸ்புக் முதல் பக்கம், எல்லாவற்றிலும் மூன்று மூன்று செட் எடுக்க வேண்டியிருந்தது. "போன தடவ குடுத்தது காணலையாம் தம்பி" என்றார். ஒரு ஆளையே காணாமல் ஆக்கியவர்களுக்குக் காகிதம் எம்மாத்திரம்.

ஆக, ஒரே நாள், ஒரே தெரு, ஒரே அரசாங்கம். என் 500 ரூபாய்க் குற்றம் ஏழு நிமிஷத்தில் படத்தோடு வந்து சேர்ந்தது. அக்காவின் காகிதம் இரண்டாவது முறை தொலைந்திருந்தது. எனக்குக் கோபம் வந்தது அபராதத்தால் அல்ல. இவ்வளவு சூட்டிகையான கண்ணை இவர்கள் இத்தனை நாளும் எங்கே ஒளித்து வைத்திருந்தார்கள் என்பதால்தான்.

சரி, எதிர்த்து வாதாடுவோம் என்று ஸ்டேஷனுக்குப் போனேன். இருந்தவர் ஓர் ஏட்டய்யா. நல்ல மனுஷன், உட்காரச் சொன்னார்.

"அந்த இடத்துல நோ பார்க்கிங்னு போர்டே இல்லையே, சார்."

"போர்டு இருந்தா எவன் நிறுத்துவான்? போர்டு இல்லாததாலதான நிறுத்துறீங்க. நிறுத்துனாத்தான கேசு."

இதற்கு மேல் தர்க்கம் படித்தவன் நான் இல்லை. ஆனாலும் வீட்டுக்கு வந்து சட்டத்தைப் புரட்டினேன். மோட்டார் வாகனச் சட்டம் 1988, பிரிவு 122: பொது இடத்தில் மற்றவர்களுக்கு ஆபத்தோ, தடையோ, தேவையில்லாத தொந்தரவோ வரும்படி வண்டியை விட்டுப் போகக் கூடாது. தண்டனை பிரிவு 177-ல். 2022 அக்டோபரில் தமிழக அரசு போட்ட ஆணைப்படி முதல் தடவை 500, மறுபடி செய்தால் 1,500. அதே சட்டத்தில் 116, 117 என்று இரண்டு பிரிவுகள் இருக்கின்றன. சாலைக் குறிகளை வைப்பதும், வண்டி நிறுத்த இடம் இது என்று உள்ளாட்சியோடு கலந்து தீர்மானிப்பதும் அவற்றில் வரும். அந்த பஜாரில் அப்படித் தீர்மானித்த இடம் ஒன்றுகூட இல்லை. நிறுத்தக்கூடிய இடமும் இல்லை, நிறுத்தக் கூடாது என்ற போர்டும் இல்லை. வண்டியை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு ஜெராக்ஸ் எடுக்க வேண்டும் என்பது எழுதாச் சட்டம்.

எதிர்ப்பவனுக்கு வழி உண்டு. இ-செலான் தளத்தில் புகார் கொடுக்கலாம், போர்டு இல்லாத தெருவைப் படம் பிடித்து இணைக்கலாம். பணம் கட்டாமல் விட்டால் வழக்கு வர்ச்சுவல் கோர்ட்டுக்குப் போகும். அங்கே இரண்டு பொத்தான்கள். ஒன்று அபராதத்தைக் கட்டிவிட, இன்னொன்று வழக்காட. இரண்டாவதை அழுத்தினால் நிஜக் கோர்ட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ஒருநாள் கூலியை விட்டுவிட்டு, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, பெயர் கூப்பிடும்வரை வேப்பமரத்தடியில் நிற்க வேண்டும். 500 ரூபாயை மிச்சம் பிடிக்க 800 ரூபாய்க் கூலியை இழப்பவன்தான் நீதியின் மேல் உண்மையான நம்பிக்கை உள்ளவன்.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். வண்டி கொஞ்சம் ரோட்டில்தான் நின்றது. ஒரு மினி பஸ் ஒதுங்கித்தான் போனது.

டீக்கடையில் இதைச் சொல்லிப் புலம்பியபோது எங்கள் ஊர் அண்ணாச்சி ஒருவர் சிரித்தார். வெடி ஆபீசில் பல வருஷம் கணக்குப்பிள்ளையாக இருந்தவர். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், எங்கள் பக்கம் தீப்பெட்டி செய்கிற இடமும் ஆபீஸ்தான், வெடி செய்கிற இடமும் ஆபீஸ்தான். "ஆபீசுக்குப் போறேன்" என்று ஒரு பெண் விடியற்காலையில் தூக்குவாளியோடு வேன் ஏறினால், அவள் கம்ப்யூட்டர் தட்டப் போகவில்லை, திரி கோக்கப் போகிறாள்.

அண்ணாச்சி சொன்னார்: "ஏய்யா, ஐநூறு ரூவா கேசுக்குப் புஸ்தகத்தப் பொரட்டுற. உசுரு போன கேசயெல்லாம் இந்த ஊர்ல எப்படி நடத்துறாங்கன்னு பாத்துக்கிட்டுத்தான இருக்க? அதுல ஒண்ணும் படிச்சுக்கலையா?"

அன்றிரவு தூக்கம் வரவில்லை. எவ்வளவு பெரிய சட்டக் கல்லூரி பக்கத்திலேயே இருந்திருக்கிறது! எங்கள் ஊரிலிருந்து கூப்பிடு தூரம்தான் அச்சங்குளம்.

2021 பிப்ரவரி 12, வெள்ளிக்கிழமை, மத்தியானம். ஏழாயிரம்பண்ணை ஸ்டேஷன் எல்லை. பேன்சி ரகப் பட்டாசு செய்துகொண்டிருந்த ஓர் ஆலையில் ஓர் அறை வெடித்தது, அதிலிருந்து அடுத்தது, அடுத்தது. இருபதுக்கும் மேற்பட்டோர் செத்துப்போனார்கள். பிரதமர் நிதியிலிருந்து 2 லட்சம், மாநில அரசு 3 லட்சம் என்று அன்று மாலைக்குள் அறிவிப்பு வந்தது. இரங்கல் மட்டும் எங்கள் மாவட்டத்தில் இ-செலானுக்கு இணையான வேகத்தில் வரும்.

பிறகுதான் வெளியே வந்தது அந்த ஆலையின் வரவு செலவுக் கலை. உரிமம் ஒருவர் பெயரில். அவர் இன்னொருவருக்குக் குத்தகைக்கு விட்டார். அவர் அறை அறையாகப் பலருக்கு உள்குத்தகைக்கு விட்டார். சட்டப்படி வெடிபொருள் உரிமத்தைப் பஸ் சீட்டில் துண்டு போடுவதுபோல் கைமாற்ற முடியாது. முடியாததுதான் நடந்தது. பொறுப்பாளி யார் என்று கேட்டால் உரிமக்காரர் குத்தகைக்காரரைக் காட்டுவார், குத்தகைக்காரர் உள்குத்தகைக்காரரைக் காட்டுவார், உள்குத்தகைக்காரர் போர்மேனைக் காட்டுவார். போர்மேன் பல நேரம் காட்டுவதற்குக் கை இல்லாமல் ஆஸ்பத்திரியில் கிடப்பார்.

இதை வைத்து என் பதில் மனுவின் முதல் பத்தியை எழுதினேன். ஐயா, மேற்படி வண்டி என் பெயரில் இருப்பது மெய்யே. ஆயினும் மேற்படி வண்டியின் முன்சக்கரத்தை என் மச்சானுக்கும் பின்சக்கரத்தை அவர் சகலைக்கும் பேச்சு அளவில் குத்தகைக்கு விட்டுள்ளேன். சைடு ஸ்டாண்டு உள்குத்தகையில் உள்ளது. சம்பவத்தன்று வண்டி நின்றது சைடு ஸ்டாண்டின் மீதே அன்றி என் மீது அல்ல. எனவே சைடு ஸ்டாண்டைக் கைது செய்து என்னை விடுவிக்கும்படி வேண்டுகிறேன்.

படித்துக் காட்டியதும் அண்ணாச்சி தலையாட்டினார். "நல்லாத்தான் இருக்கு. காரணம் போடலையே? காரணம் போடணும்ல."

காரணம்! அதற்குத்தான் எங்களிடம் நிரந்தரக் குற்றவாளி ஒருவர் இருக்கிறாரே. உராய்வு. எந்த வெடி நடந்தாலும் மறுநாள் பேப்பரை எடுத்துப் பாருங்கள். "மருந்துக் கலவையில் ஏற்பட்ட உராய்வு காரணமாக." ஊர் மாறும், ஆலையின் பெயர் மாறும், எண்ணிக்கை மாறும், உராய்வு மாறாது. 2021 பிப்ரவரி 12 அச்சங்குளம். பதின்மூன்றே நாளில், 25-ம் தேதி, காளையார்குறிச்சி. 2024 பிப்ரவரி 17 ராமுதேவன்பட்டி. அதே வருஷம் மே 9 செங்கமலப்பட்டி. 2025 ஜனவரி 4 பொம்மையாபுரம். ஜூலை 1 சின்னக்காமன்பட்டி. இத்தனை பேரைக் கொன்றும் உராய்வு பிடிபடவில்லை. அதற்கு வீடு வாசல் கிடையாது, சம்மன் அனுப்ப விலாசம் கிடையாது, கட்சி கிடையாது. இதைவிட வசதியான எதிரி எந்த அரசாங்கத்துக்கு வாய்க்கும்?

பௌதிகத்தைக் குறை சொல்லவில்லை. பேன்சி ரகத்துக்கான மருந்து உண்மையிலேயே தொட்டாற்சிணுங்கிதான். ஆக்சிஜனை அள்ளிக் கொடுக்கும் உப்பும் அலுமினியப் பொடியும் கந்தகமும் கலந்து கிடக்கும்போது ஒரு மண் துகள் போதும், சாக்கை இழுத்த இழுப்பு போதும். அது தெரிந்துதான் விதி எழுதியிருக்கிறார்கள். மருந்து புழங்கும் அறையில் நாலு பேர்தான். அறைக்கும் அறைக்கும் இடைவெளி. அன்றாடத் தேவைக்கு மட்டும் மருந்து. மரத்தடியில் வேலை கூடவே கூடாது. ஆனால் உள்குத்தகைக்காரருக்குத் தீபாவளிக்குள் வாடகையை எடுத்தாக வேண்டும். ஆளுக்குப் பீஸ் ரேட்டு. அதனால் நாலு பேர் அறையில் பத்துப் பேர். அறை போதவில்லை என்றால் வேப்பமரத்தடி. மருந்து நேற்றையதும் கிடக்கும், நாளையதும் கிடக்கும். வெயில் உச்சிக்கு வந்த பிறகும் கை நிற்காது, நின்றால் சனிக்கிழமைச் சம்பளத்தில் தெரியும். இவ்வளவையும் பார்த்துப் பார்த்து அடுக்கிவைத்து, கதவைத் திறந்து, வாங்க என்று வெற்றிலை பாக்கு வைத்து அழைத்த பிறகு உராய்வு வந்தது. வந்தவன் மேல் கேஸ், அழைத்தவனுக்கு ஜாமீன்.

இரண்டாவது பத்தி எழுதினேன். சம்பவத்தன்று என் வண்டியின் டயருக்கும் சாலைக்கும் இடையே ஏற்பட்ட உராய்வு காரணமாகவே வண்டி அவ்விடத்தில் நின்றுபோனது. உராய்வு இல்லாதிருந்தால் வண்டி உருண்டுபோய்த் தன்னைத்தானே அப்புறப்படுத்திக்கொண்டிருக்கும். விஞ்ஞானப்படி மறுக்க முடியாத வாதம். காளையார்குறிச்சிக்குச் செல்லுபடியாவது எனக்கு ஏன் செல்லுபடியாகாது? மறுபடி செய்தால் 1,500 என்று எனக்கு விதி இருக்கிறதே, உராய்வுக்கு மறுமுறைக் கட்டணம் எவ்வளவு?

கட்டணம் என்றதும் நினைவுக்கு வருகிறது. இந்த இடத்தில் சிரிப்பை நிறுத்திக்கொள்கிறேன், ஏனென்றால் இது நான் கற்பனை செய்ததில்லை.

உரிமம் இல்லாமல் வண்டி ஓட்டினால் 5,000 ரூபாய். மோட்டார் வாகனச் சட்டம், பிரிவு 181. 2019 திருத்தத்துக்கு முன் அது 500 ஆக இருந்தது. சாலையில் உயிர்கள் போகின்றன, அபராதம் வலித்தால்தான் புத்தி வரும் என்று பத்து மடங்கு ஏற்றினார்கள். நல்லது.

விதியை மீறி வெடிபொருள் தயாரித்தால் எவ்வளவு? வெடிபொருள் சட்டம் 1884, பிரிவு 9பி. மூன்று வருஷம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். அந்தத் தொகையை எழுதியது 1978-ல். அன்றைக்கு 5,000 ரூபாய்க்குச் சில பவுன் நகை வாங்கிக் கல்யாணத்தை முடிக்கலாம். இன்றைக்கு ஒரு கிராம் தங்கம் வராது. தயாரிக்காமல் வெறுமே வைத்திருந்தால், விற்றால், வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் 3,000 வரை. மற்ற மீறல்களுக்கு 1,000 வரை. அந்த 1,000, தலைக்கவசம் போடாத என் தலைக்கு விதிக்கும் அதே தொகை.

இன்னொன்றும் உண்டு. ஆம்புலன்ஸுக்கு வழிவிடாவிட்டால் 10,000 ரூபாய். ஆம்புலன்ஸுக்கு வழி மறித்தவனுக்கு 10,000, ஆம்புலன்ஸை வரவழைத்தவனுக்கு 5,000. எங்கள் சாத்தூர் ரோட்டில் ஆறு ஆம்புலன்ஸ் வரிசையாகப் போகும்போது ஓரம் கட்டி நிற்கிறவர்கள் இந்தக் கணக்கைத்தான் போட்டுப் பார்ப்பார்கள், போட்டுப் பார்க்க மனசு இருந்தால்.

வக்கீல்கள் சண்டைக்கு வருவார்கள், உயிர் போனால் வேறு பிரிவுகள் உண்டு என்று. உண்டு. மரணம் விளைவித்த பிரிவெல்லாம் போடுகிறார்கள். கவனியுங்கள், அதற்கு யாராவது செத்தாக வேண்டும். சாகாதவரை, பத்துப் பேர் உட்கார்ந்த நாலு பேர் அறை என்பது எங்கள் மாவட்டத்தில் வெறும் ஐயாயிரம் ரூபாய் விவகாரம். என் வண்டி யாரையும் இடிக்கவில்லை, இடிக்கக்கூடும் என்பதற்குத்தான் 500 கேட்கிறார்கள். "கூடும்" என்ற சொல்லுக்கு எக்ஸ்.எல். வண்டிக்கு ஒரு மதிப்பு, வெடி ஆபீசுக்கு வேறு மதிப்பு. 2024-ல் மத்திய அரசு ஒரு வரைவு மசோதாவை வெளியிட்டது. அதில் 5,000-ஐ ஒரு லட்சம் ஆக்கலாம் என்று யோசனை. 46 வருஷம் யோசித்திருக்கிறார்கள், அவசரப்படக் கூடாதுதானே.

நிறுத்திவைத்த உரிமத்தைப் பற்றியும் ஒரு கணக்கு. ஓட்டக் கூடாது என்று தடை போட்ட பிறகு வண்டி ஓட்டினால் எனக்கு 10,000. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. நாற்பது பேர் வரை செத்தார்கள், அவர்களில் பலர் வேலை செய்தவர்கள்கூட இல்லை, முதல் வெடிச் சத்தம் கேட்டுக் காப்பாற்ற ஓடிப்போன ஊர்க்காரர்கள். அந்த ஆலையின் உரிமத்தை முதல் நாள்தான் நிறுத்திவைத்திருந்ததாக அப்போது செய்தி வந்தது. தாளில் நின்றது, தரையில் ஓடியது.

என் வண்டியைக் கண்டுபிடித்தது ஒரே ஒரு கைபேசி. ஒரு வெடி ஆபீசைப் பார்வையிட எத்தனை பேருக்கு அதிகாரம் என்று விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மத்திய அரசின் வெடிபொருள் துறை, அதைத்தான் நாங்கள் "நாக்பூர்" என்போம். அடுத்தது மாநிலத்தின் தொழிலகப் பாதுகாப்புத் துறை. வருவாய்த் துறை, அதில் பட்டாசுக்கென்றே தனி வட்டாட்சியர். போலீஸ். தீயணைப்பு. ஒரு கை விரல் முடிந்துவிட்டது. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டமாட்டான் என்று எங்கள் பாட்டி சொல்வாள். இங்கே ஒரு மரத்தைப் பல தச்சர்கள் கண்டிருக்கிறார்கள், அதனடியில் நாற்பது பெண்கள் உட்கார்ந்து திரி கோப்பது மட்டும் ஒருவர் கண்ணிலும் படவில்லை. ஜீப் வருகிற தகவல் ஜீப்புக்கு முன்னால் வந்துவிடும் என்பார்கள். நானும் அப்படி ஒரு தகவலுக்கு ஆசைப்பட்டேன்: "அண்ணே, கேமராக்காரர் பஜார் முக்கு திரும்பிட்டார், வண்டிய நகட்டுங்க." எனக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

இதே வட்டாரத்தில் எண்ணத் தெரிந்த அரசாங்கமும் இருக்கிறது. வெம்பக்கோட்டையில் 2022-ல் தொடங்கி அகழாய்வு நடந்தது. குழி வெட்டி, தூரிகையால் தூசு தட்டி, உடைந்த சங்கு வளையலையும் பாசிமணியையும் ஒவ்வொன்றாக எண்ணி, எத்தனை செ.மீ. ஆழத்தில் கிடைத்தது என்று எழுதிவைத்தார்கள். போய்ப் பார்த்தபோது எனக்கே பெருமையாக இருந்தது. திரும்பி வருகிற வழியில் தோன்றியது: ஒரு வெடி நடந்தால் உள்ளே இருந்தது எத்தனை பேர் என்று அன்று சாயங்காலம்வரை யாருக்கும் தெரிவதில்லையே. உள்குத்தகைக் கொட்டகைக்கு ஏது வருகைப் பதிவேடு? காலையில் வேன் ஏறியவர்கள் யார் யார் என்று ஊர் ஊராகக் கேட்டு, வராதவர்களைக் கூட்டிக் கணக்குப் போடுவார்கள். அந்தக் காலத்துப் பெண்ணின் வளையலுக்குப் பதிவு எண் உண்டு. இன்றைக்குக் காலையில் கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு வேன் ஏறிய பெண்ணுக்கு இல்லை.

ஆலைகளையெல்லாம் இழுத்து மூடு என்று நான் எழுதுவதாகச் சிலர் கிளம்புவார்கள். மூடிவிட்டால் சோறு? மழை பெய்தால் மக்காச்சோளம், பெய்யாவிட்டால் சீமைக்கருவேலம் என்று கிடக்கிற கரிசல் இது. சிவகாசியிலிருந்து இரண்டு இளைஞர்கள் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழில் கற்றுவந்த கதையைப் பெருமையாகச் சொல்லிச் சொல்லித்தான் எங்களை வளர்த்தார்கள். விதிப்படி அறை கட்டி, விதிப்படி ஆள் வைத்து, வருஷக்கணக்காக ஒரு கீறல் இல்லாமல் நடத்துகிறவர்களும் இங்கேதான் இருக்கிறார்கள். ஒரு வெடி நடந்தால் முதலில் ஆய்வுக்குப் போவது அவர்கள் ஆலைக்குத்தான். அங்கே ரோடு நன்றாக இருக்கும், டீ கிடைக்கும்.

அச்சங்குளத்துக்கு வருகிறேன். அந்த வழக்கைத் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் பத்திரிகைச் செய்தியைப் பார்த்துத் தானாகவே எடுத்தது. ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு போட்டது. 2021 ஜூனில் இறந்தவர் குடும்பத்துக்கு 20 லட்சம் என்றும், காயம் பட்டவர்களுக்கு உடல் எத்தனை சதவீதம் வெந்தது என்று பார்த்துப் படிப்படியாகவும் இழப்பீடு சொன்னது. தானாகவே வழக்கெடுக்கத் தீர்ப்பாயத்துக்கு அதிகாரம் உண்டா என்று அந்தச் சமயத்தில் உச்ச நீதிமன்றத்தில் பெரிய வாதம் நடந்துகொண்டிருந்தது. உண்டு என்று 2021 அக்டோபர் 7-ல் தீர்ப்பு வந்தது. எனக்கு அந்த வாதம் மிகவும் பிடித்தது. வீடு எரிகிறது, தண்ணீர் ஊற்ற ஒருவன் வந்தால் "உன்னை யார் கூப்பிட்டது?" என்று கேட்கிற வாதம். உடனே மூன்றாவது பத்தி: ஐயா, என் வண்டி ரோட்டை மறித்ததாக எந்த மினி பஸ்ஸும் எழுத்துப்பூர்வமாகப் புகார் அளிக்கவில்லை. புகார் இல்லாதபோது தங்கள் கேமரா தானாகவே முன்வந்தது எப்படி?

ஒரு விஷயத்தில் மட்டும் ஆலைக்காரர்களைப் பின்பற்ற முடியவில்லை. வெடி நடந்தால் அரசு நிவாரணம் கொடுக்கும். எரிந்தது ஒருவருடைய லாபத்துக்காக, கொடுப்பது எல்லோருடைய வரியிலிருந்து. அந்த முறைப்படி என் 500 ரூபாயை முதலமைச்சர் பொது நிவாரண நிதியிலிருந்து கட்டும்படி கேட்க நினைத்தேன். அக்கா பக்கத்தில் உட்கார்ந்து காகிதங்களை அடுக்கிக்கொண்டிருந்தார். பேனா நகரவில்லை.

மனுவைக் கடைசியில் நான் அனுப்பவில்லை என்று நினைத்தீர்களா? அனுப்பினேன். சைடு ஸ்டாண்டு, உராய்வு, எல்லாவற்றையும் அடித்துவிட்டு நாலு வரியில் அனுப்பினேன். அவ்விடத்தில் போர்டு இல்லை. பஜாரில் நிறுத்துமிடம் ஏதும் இல்லை. தெருவின் இரு முனையிலிருந்தும் எடுத்த படங்கள் இணைப்பு. அபராதத்தை ரத்து செய்யவும். ஆன்லைனில் ஒன்று, கையில் ஒன்று. கையில் கொடுத்ததற்கு முத்திரை போட்ட நகல் கேட்டு வாங்கிக்கொண்டேன். அதை யாரும் மறக்காதீர்கள், முத்திரை இல்லாத மனு மனுவே இல்லை. அக்கா இரண்டு முறை தொலைத்த பாடம் அது. தொலைத்தது அவர் இல்லை என்றாலும்.

ஒன்பதாம் நாள் மறுபடி அதே பஜாருக்குப் போக வேண்டியிருந்தது. அக்காவின் காகிதத்தில் ஒரு கையெழுத்து இடம் மாறிப் போட்டிருந்ததாம். வண்டியைத் தள்ளி, கோயில் மதிலோரம் நிறுத்திவிட்டு, இருவரும் நடந்து ஜெராக்ஸ் கடைப் பக்கம் வந்தோம். வண்டி நின்ற அதே இடத்தில், அரை அடிகூடப் பிசகாமல், புதுக் கம்பத்தில் ஒரு போர்டு நின்றது. வாகனங்களை நிறுத்தாதீர். சிவப்புப் பெயின்ட் இன்னும் காயவில்லை. ஓரத்தில் ஒரு ஈ ஒட்டிச் செத்திருந்தது. கம்பத்தைச் சுற்றி சிமென்ட் ஈரமாக இருந்தது, யாரோ சாக்குப் போட்டு மூடியிருந்தார்கள். போனை எடுத்துப் பார்த்தேன். என் மனு: பரிசீலனையில்.

அக்காவுக்கு எல்லாவற்றையும் சொன்னேன். 500 ரூபாய்க்கு நான் மனு போட்டதை, ஒன்பதே நாளில் கம்பம் வந்ததை. அவர் போர்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றார். மஞ்சள் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"தம்பி, இந்தப் போர்ட நட்டாகள்ல, அவுக எந்த ஆபீசு? நம்ம பேப்பரையும் அங்கயே குடுத்துப் பாப்பமா?"